"விழுந்துட்டேன் சிஸ்டர்": ஆன்லைன் பாடத்தை வைத்து மருத்துவமனை ஊழியருக்குப் பயிற்சி தருவது எப்படி?

"விழுந்துட்டேன் சிஸ்டர்" என்கிறார் அந்தப் பெண். மேல்கையில் விரல் பதிந்தது போலக் கன்றிப்போன தடம். பக்கத்தில் கணவர் நிற்கிறார். இந்த இடத்தில் அக்கறையுள்ள செவிலியர்கள்கூட வாயடைத்துப் போவதைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் அடி வாங்கி வரும் பெண்ணிடம் என்ன பேசுவதென்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

படி 1: பாடத்தைத் தேர்ந்தெடுங்கள்

வன்முறைக்கு ஆளான பெண்களைக் கவனிப்பதற்கென உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஒரு பயிற்சிப் பாடத்திட்டம் வெளியிட்டது. காது கொடுத்துக் கேட்பது, தேவையை விசாரிப்பது, நம்பிக்கை தருவது, பாதுகாப்புக்கு வழி பார்ப்பது, உதவிகளோடு இணைப்பது என்ற ஐந்தும் அதன் உயிர்நாடி. இவை இல்லாத பாடம் வேண்டாம். நம் ஊர்ச் சட்டத்தை நீங்கள்தான் சேர்க்க வேண்டும்: 2005 குடும்ப வன்முறைச் சட்டம், சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டம். 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்குப் பாலியல் வன்முறை நடந்திருந்தால் புகார் தெரிவிப்பது கட்டாயம்.

படி 2: டூட்டி நேரத்திலேயே நடத்துங்கள்

வாரம் ஒரு பகுதி, ஆறேழு பேர் சேர்ந்து பார்த்தால் போதும். வீட்டில் பாருங்கள் என்று விட்டால் சான்றிதழ் மட்டும்தான் வரும். பார்ப்பவர்களிலும் அடி வாங்கியவர் இருக்கலாம். யாரும் எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

படி 3: நடித்துப் பாருங்கள்

என்னைக் கேட்டால் பயிற்சியே இதுதான். வீடியோ பார்த்து வாய் பழகாது. மூவர் மூவராக உட்காருங்கள்: சிஸ்டர், வந்த பெண், கணவர். முதல் வேலை கணவரை வெளியே அனுப்புவது. "டிரஸ்ஸிங் பண்ணணும், கொஞ்சம் வெளிய உட்காருங்க சார்." அப்புறம் மெதுவாக, "இப்படிக் காயத்தோட வர்ற சிலருக்கு வீட்டுல அடி விழுந்திருக்கும். உங்களுக்கும் அப்படி ஏதாவது நடந்துச்சாம்மா?"

சிஸ்டராக நடிக்கும் பலர் முதல் தடவை "கொஞ்சம் அனுசரிச்சுப் போங்கம்மா" என்று சொல்லிவிடுவார்கள். அங்கேயே நிறுத்தி, "இது உங்க தப்பு இல்லம்மா, நீங்க சொல்றதை நம்புறேன்" என்று சொல்லவையுங்கள். அந்தப் பெண் "இல்லை" என்றால் துருவ வேண்டாம். "சரிம்மா, எப்ப வேணும்னாலும் வாங்க" போதும். பிறகு இடம் மாறி உட்காருங்கள். அந்தப் பெண்ணின் நாற்காலியில் உட்காரும்போதுதான் கேள்வியின் தொனி உறைக்கும்.

படி 4: வார்டைத் தயார் செய்யுங்கள்

கதவு சாத்தக்கூடிய ஓர் அறை வேண்டும். பாலியல் வன்முறை என்றால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், அவசரக் கருத்தடை மாத்திரையை 5 நாளுக்குள் தர வேண்டும். இரண்டும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. மகளிர் உதவி எண் 181-ஐச் சொல்லும்போது, தாளில் எழுதித் தரலாமா என்று அவரிடமே கேளுங்கள். அந்தத் தாள் வீட்டில் கணவர் கையில் சிக்கினால் அதற்கும் அடி விழும். மூன்றே இலக்கம்தான், மனதிலேயே நிற்கும்.