ஒரு வீட்டைத் தேர்ந்துகொள்ளுங்கள்: அன்றாடச் சீஷத்துவத்துக்கு ஒரு வழி

1910ஆம் ஆண்டு எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில், வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா மேல்நாட்டு மிஷனரிகளை நோக்கி, நீங்கள் ஏழைகளுக்கு உங்கள் ஆஸ்திகளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரங்களையும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று வேண்டினார். ஆஸ்தியையும் சரீரத்தையும் கொடுத்தாலும் அன்பு இல்லாவிட்டால் பயனில்லை என்று சொல்லும், கொரிந்தியருக்கு எழுதப்பட்ட முதல் நிருபத்தின் 13ஆம் அதிகாரம் அந்த வேண்டுகோளின் அடியில் இருந்தது. 1912இல் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல் பேராயராகி, இங்கிலாந்துத் திருச்சபை மரபைச் சேர்ந்த ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் என்ற இடத்தைப் பெற்ற அவர் அன்று கேட்டதை இன்று நம் சபைகளிடமும் கேட்கலாம். கிறிஸ்துமஸ் காலத்தில் புடவையும் அரிசியும் கொடுக்கிறோம். வாங்கிக்கொண்டவருடைய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு டம்ளர் காப்பி குடித்திருக்கிறோமா?

ஆகவே, பிறரன்பைப் பழக விரும்புகிறவர் பெரிய திட்டம் எதையும் வகுக்காமல், நடந்து போகும் தூரத்தில் இருக்கும் ஒரே ஒரு வீட்டைத் தேர்ந்துகொள்வது நல்லது. தனியாக வாழும் முதியவர், நோயாளியைப் பராமரித்துக் களைத்துப்போனவர், ஆலயத்துக்கு வருவதை நிறுத்திவிட்டவர் என எவராகவும் இருக்கலாம். வாரத்தில் ஒரு நாளையும் நேரத்தையும் குறித்து, அந்த நேரத்தில் தவறாமல் போங்கள். மனம் வந்தபோது போகும் பத்து வருகைகளைவிட, எதிர்பார்த்துக் காத்திருக்கத்தக்க ஒரு வருகை அவர்களுக்குப் பெரிது.

போனவுடன் ஆலோசனை சொல்லத் தொடங்காதீர்கள். பக்கவாதத்தால் படுத்திருந்த ஒரு மூதாட்டியின் அருகில் நான் முதல் சில வாரங்கள் வசனங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒருநாள் தொண்டை கட்டிப் பேச முடியாமல் உட்கார்ந்திருந்தபோதுதான், இறந்துபோன தன் மகனைப் பற்றி அவர் வாய் திறந்தார். கேட்பதும் ஊழியம் என்பதை அன்று அறிந்தேன். ஜெபிக்கலாமா என்று கேட்டு, அவர்கள் சம்மதித்தால் மட்டும், அவர்கள் சொன்ன காரியங்களையே சொல்லிச் சுருக்கமாக ஜெபியுங்கள்.

கையால் செய்யும் வேலை இருந்தால் அதைச் செய்யுங்கள். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்கி வருவது, ரேஷன் கடையில் விரல்ரேகை பதியாமல் தடுமாறும் முதியவருக்குத் துணை நிற்பது, ஓய்வூதியத்துக்கான வாழ்நாள் சான்றுக்கு அழைத்துச் செல்வது போன்றவை சிறியவையாகத் தோன்றினாலும், "கிரியையினாலும் உண்மையினாலும் அன்புகூரக்கடவோம்" என்று யோவான் எழுதியது இவற்றையும் சேர்த்துத்தான். படம் எடுக்காதீர்கள். அங்கே கேட்ட குடும்பத் துயரத்தை ஜெபக்குறிப்பு என்ற பெயரில் சபையில் பரப்பவும் வேண்டாம்.

எல்லாவற்றிலும் கடினமானது பெற்றுக்கொள்வது. அவர்கள் கொடுக்கும் தண்ணீரையும் சோற்றையும் மறுக்காமல் அவர்களோடு உட்கார்ந்து உண்ணுங்கள். அதேபோல் அவர்களை உங்கள் வீட்டு மேசைக்கும் அழையுங்கள். ஒரே பாத்திரத்தில் நற்கருணை வாங்கிவிட்டு, சாதி பார்த்துச் சாப்பாட்டுக்கு மட்டும் விலகிப்போகும் வழக்கம் நம்மிடையே இன்னும் அழியவில்லை என்பது வேதனையான உண்மை. அதை உடைப்பதற்குத் தீர்மானங்களைக் காட்டிலும் இப்படிப்பட்ட பந்திகள் உதவும் என்று உறுதியாக நம்புகிறேன். அந்த வீட்டார் வேறு சமயத்தவராக இருந்தாலும் முறை இதுவே. அவர்கள் ஆலயத்துக்கு வருவார்கள் என்ற கணக்கோடு போனால், அந்தக் கணக்கு முகத்தில் தெரிந்துவிடும்.

சில வாரங்களில் சலிப்பு வரும். சில வேளைகளில் அவர்கள் கடுமையாகவும் பேசக்கூடும். அப்போது நிறுத்திவிடாமல் நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஆனால் நாளை மாற்றாதீர்கள். பிழை உங்களுடையதானால் அடுத்த ஞாயிறு காணிக்கை படைக்கும் முன்பே போய் மன்னிப்புக் கேளுங்கள். நீங்கள் ஊர் மாற நேர்ந்தால், ஒரு மாதம் முன்னதாகவே சபையில் இன்னொருவரை உடன் அழைத்துச் சென்று, அவருடைய பேச்சு அந்த வீட்டாருக்குப் பழகும்வரை இருவருமாகவே போய் வாருங்கள்.