மலை ஊர் மண் ரோட்டில் மழைத்தண்ணீரை இறக்கிவிடும் முறை

மலை ஊருக்குப் போகும் மண் ரோடு வண்டி ஓடிக் கெடுவதை விடத் தண்ணீர் ஓடிக் கெடுவதுதான் அதிகம். கொல்லிமலையில் ஊராட்சி ஒன்றிய ஓவர்சியராக இருந்த காலம் முழுக்க இதைப் பார்த்திருக்கிறேன். செம்மேட்டுப் பக்கம் தார் ரோட்டிலிருந்து பிரியும் பாதைகளில் கோடையில் கிராவல் கொட்டி ரோலர் ஓட்டுவோம். ஐப்பசியில் நல்ல மழை இரண்டு பெய்தால் போதும், சக்கரத் தடத்தில் சால் விழுந்து, கிராவல் எல்லாம் கீழ்வளைவில் போய்க் குவிந்து கிடக்கும். அடுத்த கோடையில் மறுபடியும் கிராவல் கொட்டச் சொல்லி மனு வரும். கிராவல் கேட்பதற்கு முன்னால், ரோட்டில் ஏறும் தண்ணீரை எங்கே இறக்குவது என்று ஊர்க்காரர்கள் உட்கார்ந்து பேச வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வேலை, மழை பெய்யும்போதே குடையோடு ரோட்டில் நடப்பது. வெயிலில் பார்த்தால் பாதி விஷயம் தெரியாது. எந்தக் காட்டிலிருந்து தண்ணீர் ரோட்டுக்குள் நுழைகிறது, எவ்வளவு தூரம் ரோட்டிலேயே ஓடுகிறது, எந்த இடத்தில் மண்ணை அறுக்க ஆரம்பிக்கிறது என்று பார்த்து, அங்கங்கே ஒரு முளைக்குச்சி அடித்துவிடுங்கள். பள்ளம் விழுந்த இடத்தைத்தான் எல்லோரும் சரிசெய்யப் போவார்கள். ஆனால் வேலை இருப்பது அதற்கு மேலே, தண்ணீர் சேரத் தொடங்கும் இடத்தில். ஓடும் தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் ஆற்றல் நான்கு மடங்காகும். வேகம் எடுக்க விடாமல், கொஞ்சமாக இருக்கும்போதே அடிக்கடி இறக்கிவிட வேண்டும்.

அடுத்தது ரோட்டின் வாட்டம். மண் ரோட்டில் நடுப்பகுதி ஆமை முதுகு போல உயர்ந்திருக்க வேண்டும். ரோடு 12 அடி அகலம் என்றால் ஓரத்தை விட நடு மூன்று அங்குலமாவது, நன்றாகப் பெய்யும் ஊரில் மூன்றரை அங்குலம் வரை, உயரமாக இருக்கட்டும். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம் என்றால் பள்ளப் பக்கமாக ஒரே வாட்டம் கொடுத்துவிடுவது சுலபம், ஓரக்கால்வாயே தேவைப்படாது. ஆனால் வழுக்கும் களிமண்ணிலும், புதிதாகக் கொட்டி உயர்த்திய கரையிலும் அப்படிச் செய்யாதீர்கள். அங்கே வாட்டத்தை மலைப்பக்கம் திருப்பி, கால்வாய் வெட்டி, குழாய் வழியாகத் தண்ணீரைக் கடத்துவதுதான் பாதுகாப்பு.

கிரேடரோ ஜேசிபியோ ஓடி முடித்ததும் ஓரத்தில் ஒரு மண் வரப்பு நிற்கும். அதைப் பலரும் கவனிப்பதே இல்லை. எனக்கு வந்த புகார்களில் பெரும்பகுதிக்கு இந்த வரப்புதான் காரணம். எவ்வளவு நல்ல வாட்டம் கொடுத்திருந்தாலும், ஓரம் வரை வந்த தண்ணீர் அதில் முட்டித் திரும்பி ரோட்டோடு நீளமாக ஓடும். மெஷின் கிளம்புவதற்கு முன்பே அந்த மண்ணை இழுத்துச் சமப்படுத்தச் சொல்லுங்கள். மெஷின் போய்விட்டதா, சரி, மண்வெட்டி எடுத்துப் பத்தடிக்கு ஒரு வாய் வெட்டிவிட்டாலும் போதும்.

சரிவு அதிகமான பாதையில் வாட்டம் மட்டும் தாங்காது. அங்கே குறுக்கு மேடு போட்டு, அதன் மேல்பக்கத்துப் பள்ளத்தில் தண்ணீரை வாங்கி, இறக்கு வாய்க்கால் வழியே வெளியே விட வேண்டும். எத்தனை அடிக்கு ஒன்று என்பதைச் சரிவுதான் சொல்லும். கொத்தனாரிடம் இருக்கும் தண்ணீர் டியூபை வாங்கிப் பத்தடி இடைவெளியில் மட்டம் பாருங்கள். ஆறு அங்குலம் இறங்கினால் 130 அடிக்கு ஒன்று. ஓரடி இறங்கினால் 80 அடிக்கு ஒன்று. ஒன்றரை அடி என்றால் 60 அடிக்கு ஒன்று வேண்டும். மேட்டை ரோட்டுக்கு நேர்க்குறுக்காகப் போடாமல், தண்ணீர் தானாக வழிந்து போகும்படி கொஞ்சம் சாய்த்துப் போடுங்கள். ஸ்பீடு பிரேக்கர் போலக் குட்டையாகக் கட்டினால் மினி பஸ் அடிதட்டும், டிராக்டர்காரரே வெட்டி எறிந்துவிடுவார். மேடும் பள்ளமுமாகச் சேர்த்து முப்பது நாற்பது அடிக்கு நீளமாக, மெதுவாக ஏறி இறங்கட்டும்.

இறக்கிய தண்ணீர் எங்கே போகிறது என்பதில்தான் சண்டை வரும். ஒருமுறை ஒரு பெரியவர் வாய்க்காலை மறித்து நின்றுகொண்டு, "இதை என் தோட்டத்துல விட்டா மிளகுக்கொடி அழுகிப்போயிடும் சார்" என்றார். அவர் சொன்னது நியாயம். வேரில் தண்ணீர் நின்றால் மிளகுக்கு வாடல் நோய் வரும். மரவள்ளி பிடுங்கிய வெற்று நிலத்தில் விட்டாலும் மேல்மண் போய்விடும். சருகு மூடிக் கிடக்கும் காப்பித் தோட்டம், புதர்க்காடு, கல் பாறை, இவைதான் தண்ணீரை வாங்கத் தக்க இடங்கள். நிலத்துக்காரரிடம் முன்பே பேசிவிடுங்கள். வனத்துறை நிலம் என்றால் அனுமதி வாங்காமல் கடப்பாரை போட வேண்டாம். வாய்க்கால் முடியும் இடத்தில் தலையளவுக் கற்களை விசிறி போலப் பரப்பினால் தண்ணீர் குழி பறிக்காது.

ஓரக்கால்வாயை ஆங்கில வி எழுத்து போலக் கூர்மையாக வெட்டாதீர்கள், அடி அறுந்துகொண்டே போகும். அடி அகலமாக இருக்கட்டும். சரிவான இடத்தில் உள்ளே கல் தடுப்புகள் வையுங்கள். கீழ்த்தடுப்பின் தலையும் மேல்தடுப்பின் அடியும் ஒரே மட்டத்தில் வருவதுதான் கணக்கு. நூறடிக்கு ஆறடி இறங்கும் கால்வாயில் ஓரடி உயரத் தடுப்பு என்றால் ஏறத்தாழ 16 அடிக்கு ஒன்று வரும். தடுப்பின் நடுப்பகுதி இரு முனைகளை விட அரையடி தாழ்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் பக்கவாட்டில் புகுந்து கரையைத் தின்னும்.

குழாய்ப் பாலத்துக்கு இரண்டடி விட்டத்துக்குக் குறைந்த குழாய் வேண்டாம். விலை குறைவு என்று ஓரடிக் குழாய் போட்டால், ஒரே மழையில் சில்வர் ஓக் இலையும் பலாச் சருகும் அடைத்து, தண்ணீர் ரோட்டு மேலேயே ஏறிப்போகும். குழாய் மேல் இரண்டடி மண் மூட்டம் இருக்கட்டும். வாய்க்கு ஐந்தாறு அடி முன்னால் முளைகளை வரிசையாக அடித்தால் கிளையும் சருகும் அங்கேயே நின்றுவிடும்.

ஓரத்துப் புல்லைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சுத்தம் செய்கிறோம் என்று மண்வெட்டியால் வேரோடு செதுக்குகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும், அடுத்த மழையில் அந்த மண் கால்வாய்க்குள் கிடக்கும். அரிவாளால் அறுத்தால் போதும், வேர் இருக்கட்டும். வெட்டிய மலைச்சரிவில் வெட்டிவேர் நாற்றை அரையடிக்கு ஒன்றாக, சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டக் கோட்டில், மழை தொடங்கும்போது நடுங்கள். வேர் பத்தடிக்கு மேல் இறங்கி மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

மண் வேலையைத் தை முதல் சித்திரைக்குள் முடித்துவிடுங்கள். கோடை மழை ஒன்றிரண்டு பெய்யும்போது எங்கே தவறு என்று தெரிந்துவிடும், ஆடிக்கு முன் சரிசெய்ய நேரம் கிடைக்கும். அப்புறம் புரட்டாசிக் கடைசியில் எல்லா வாய்க்காலையும் குழாயையும் தூர்வாருங்கள். ஒவ்வொரு குழாய்க்கும் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரைப் பொறுப்பாக்கி, ஊர்க்கூட்டத்தில் பேர் எழுதி வைத்துவிடுங்கள். பெருமழை பெய்த மறுநாள் காலையில் அவர் ஒரு மண்வெட்டியோடு போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.