ஓசிடி எலியும் டோபமினும்: செமினாரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் மருந்தியல் பாடம் நடத்துகிறேன். "டோபமின் கூடினால் ஓசிடி வரும், எலியில் நிரூபித்துவிட்டார்கள்" என்று ஒரு மாணவர் செமினாரை முடித்தார். ஓசிடி என்பது வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, ஒரே செயலை ஓயாமல் செய்ய வைக்கும் மனநோய். டோபமின், மூளை நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் ஒரு வேதிப்பொருள். கேட்டுக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி வகுப்பு கலைந்ததும் தனியே வந்தாள். "அம்மா நாள் முழுக்கக் கை கழுவிட்டே இருக்காங்க சார். டோபமினைக் குறைக்கிற மாத்திரை வாங்கித் தரலாமா?"

அவளுக்காகவே இதை எழுதுகிறேன்.

1998-இல் கனடாவில் ஹென்றி செக்ட்மன் குழுவினர், டோபமின் வந்து ஒட்டும் புரதங்களான டி2, டி3 ஏற்பிகளைத் தூண்டும் குவின்பிரோல் மருந்தை எலிகளுக்குச் சில வாரங்கள் ஊசியாகப் போட்டார்கள். பிறகு அவற்றைப் பெரிய மேடையில் விட்டபோது, ஓரிரு இடங்களுக்கே ஓயாமல் திரும்பி வந்தன. செவ்வாய்ப்பேட்டையில் ஷட்டரைப் பூட்டியவர், நாலு கடை தாண்டியதும் ஓடிவந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாரே, அது மாதிரி.

இதை "ஒரே ஊசியில் ஓசிடி" என்று எழுதாதீர்கள். ஊசி தொடரத் தொடர மருந்தின் விளைவு கூடிக்கொண்டே போகிறது. ஓசிடிக்கான இந்த எலி மாதிரி (மாடல்) நிற்பதே அந்தப் படிப்படியான கூடுதலின் மேல்தான்.

பெரிய தவறு, எலி ஓர் இடத்துக்கு எத்தனை முறை வருகிறது என்பதை மட்டும் எண்ணுவது. குவின்பிரோல் எலியை அதிகம் ஓட வைக்கும். அதிகம் ஓடும் எலி எல்லா இடத்துக்கும்தான் அதிகம் போகும். ஏற்காடு பஸ் கூடுதலாக டிரிப் அடித்தால் அடிவாரத்தைக் கூடுதலாகத் தொடும். அடிவாரத்தில் அதற்குத் தனி ஈடுபாடு என்று சொல்ல முடியுமா? அதனால், எலி மற்ற இடங்களை விட எவ்வளவு சீக்கிரம் அந்த ஓரிரு இடங்களுக்குத் திரும்புகிறது, நடுவில் எத்தனை இடங்களில் நிற்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பல செமினார்களில் இந்த ஸ்லைடே இருப்பதில்லை.

சோதனைக் கூண்டில் வைக்கும் கோலிக்குண்டைச் சுண்டெலி புதைப்பதையும் நோய்க்குச் சான்றாகக் காட்டாதீர்கள். தோண்டுவதும் புதைப்பதும் அதன் இயல்பு.

அப்புறம், எல்லாம் டோபமின் என்ற நினைப்பு. சாபாப்3 மரபணு நீக்கிய சுண்டெலிகள் முகம் புண்ணாகும்வரை தேய்த்துக்கொள்வதாக 2007-இல் கண்டார்கள். அந்த மரபணு தரும் புரதம் இருப்பது, குளூட்டமேட் என்ற வேறொரு வேதிப்பொருள் செய்தி கடத்தும் நரம்பு இணைப்புகளில். செரட்டோனின் என்ற இன்னொரு வேதிப்பொருளைக் கூட்டும் மருந்தான ஃபுளூவாக்செட்டின் கொடுத்தபோது தேய்ப்பது குறைந்தது. எந்த எலியிலும் நமக்குத் தெரிவது நடத்தைதான், மனத்தில் ஓடும் எண்ணம் இல்லை.

அந்த மாணவியிடம், மாத்திரையை நீயாக வாங்காதே, அம்மாவை மனநல மருத்துவரிடம் கூட்டிப்போ என்றேன். முதலில் தருவது செரட்டோனின் வகை மருந்தும் நடத்தைச் சிகிச்சையும். அது போதாதபோதுதான் டோபமினைத் தடுக்கும் ரிஸ்பெரிடோன் போன்றவற்றைச் சிறு அளவில் சேர்ப்பார்கள். அதுவும் சிலருக்கே பலன் தருகிறது.