கார்பன் நானோகுழாயில் உப்புநீக்கம்: கோட்டைவிடும் இடங்கள்

பேராக்கின் பாகான் டத்தோ பக்கம் கடலை ஒட்டிய தோட்டங்களில் கிணற்று நீர் கரிப்பது புதிதல்ல. அறிவியல் திட்டம் என்றதும் நம் பிள்ளைகள் உப்புநீக்கத்தைப் பிடித்துக்கொள்வதும் அதனால்தான். இப்போது மவுசு கார்பன் நானோகுழாய் மின்முனைகளுக்கு, அதாவது கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய கரிக்குழாய்களைப் பூசிய தகடுகளுக்கு. இரண்டு கரித்தகடுகளுக்கு இடையே உப்புநீரை ஓடவிட்டு 1.2 வோல்ட் அளவில் மின்னழுத்தம் கொடுத்தால், சோடியம் அயனி எதிர்மின் தகட்டிலும் குளோரைடு நேர்மின் தகட்டிலும் போய் ஒட்டிக்கொள்ளும். இரண்டையும் கம்பியால் இணைத்துவிட்டால் பிடித்த உப்பைத் தகடுகள் விட்டுவிடும். அவ்வளவுதான் தத்துவம்.

கண்காட்சிக்கு ஒரு வாளி கடல்நீரோடு வருபவர்கள் முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும். ஒரு கிராம் மின்முனை ஒரு சுற்றில் (ஒருமுறை பிடித்து விடுவதில்) 10 மில்லிகிராம் உப்பைப் பிடிப்பதாக வைத்துக்கொள்வோம். அது நல்ல அளவுதான். கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. ஒரே லிட்டருக்கு மூன்றரை கிலோ மின்முனை வேண்டும்! லிட்டருக்கு 1 கிராம் உப்புள்ள கிணற்று நீரில் அந்த உப்பைப் பாதியாகக் குறைக்கவோ லிட்டருக்கு 50 கிராம் மின்முனை போதும். கடல்நீரை, அழுத்தம் கொடுத்துச் சவ்வு வழியே நீரைப் பிரிக்கும் ஆர்ஓ முறைக்கே விட்டுவிடுங்கள்.

அடுத்தது, பெயருக்கு மயங்குவது. நானோ என்றாலே உப்பு ஒட்டும் பரப்பு மிக அதிகம் என்று நம்பி, கிராம் கணக்கில் விலை கொடுத்து வாங்குகிறார்கள். ஒரே கரி அடுக்காலான ஒற்றைச்சுவர்க் குழாயின் கோட்பாட்டுப் பரப்பு கிராமுக்குச் சுமார் 1,315 சதுர மீட்டர். ஆனால் குழாய்கள் கற்றையாக ஒட்டிக்கொள்வதால் அது முழுதாகக் கிடைப்பதில்லை. மலிவாகக் கிடைக்கும், பல அடுக்குகள் கொண்ட பலசுவர்க் குழாய்க்குச் சில நூறுதான். நுண்துளைகள் திறக்கப்பட்ட நல்ல கிளர்வூட்டிய கரியோ ஆயிரத்தைச் சாதாரணமாகத் தாண்டும். குழாயின் பலம் வேறு: மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், இடைவெளிகள் திறந்திருப்பதால் அயனிகள் விரைவாக உள்ளே போய் வெளியே வரும். ஆகவே செம்பனைக் கொட்டை ஓட்டிலிருந்து செய்த கிளர்வூட்டிய கரியை அடிப்படையாக வைத்து, நானோகுழாயைச் சாம்பாருக்குப் பெருங்காயம் போலச் சேர்ப்பதே புத்திசாலித்தனம் என்பேன். ஓட்டைச் சும்மா எரித்த கரி போதாது. நீராவியாலோ வேதிப்பொருளாலோ அதில் நுண்துளைகளைத் திறக்கவேண்டும்.

உப்பு வேகமாக இறங்கட்டும் என்று 9 வோல்ட் பேட்டரியை மாட்டுவதும் நடக்கிறது. தண்ணீர் பிரியத் தொடங்கும் எல்லை 1.23 வோல்ட். அதை வெகுவாகத் தாண்டினால் தகட்டோரம் குமிழ்கள் எழும், குளோரின் வாடை வரும், நேர்மின் தகட்டின் கரி அரித்துப்போகும்.

கரிப்பொடியைப் பசையோடு குழைத்துத் தகட்டில் பூசும்போது, பூச்சில் பசை கூடினால் துளைகள் அடைபடும். குறைந்தால் காய்ந்ததும் வெடித்து உதிரும். நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள், விரலில் கறுப்பாகப் பொடி ஒட்டினால் அந்தத் தகடு ஓடும் நீரில் நிலைக்காது. குழாய்கள் தண்ணீரோடு ஒட்டாதவை என்பதால் நைட்ரிக் அமிலத்தில் பதப்படுத்துவது வழக்கம். நேரம் மிஞ்சினால் குழாய்கள் சிதைந்து கடத்துத்திறன் குறையும். அமில வேலையை ஆய்வகத்துக்கு வெளியே செய்யவே கூடாது. உலர்ந்த பொடியை முகமூடியின்றிக் கொட்டிக் கலப்பதும் ஆபத்து. சிலவகைப் பலசுவர்க் குழாய்கள் எலிகளின் நுரையீரலைப் பாதித்திருக்கின்றன.

எனக்கு அதிகம் எரிச்சலூட்டுவது அளவீடு. மின்சாரம் கொடுக்காமலே புதிய கரி கொஞ்சம் உப்பை உறிஞ்சும்; நீரின் கடத்துத்திறனை வைத்து உப்பைக் கணக்கிடும் மீட்டரும் இறங்கும். முதலில் மின்சாரமின்றி நீரை ஓடவிட்டு, மீட்டர் அசையாமல் நின்ற பிறகே தொடங்கவேண்டும். முதல் சுற்றைக் கணக்கில் சேர்க்காமல், பல சுற்றுகளுக்குப் பின் வருவதை எழுதுங்கள். எடையில் இரண்டு தகடுகளின் பூச்சும் சேரவேண்டும். ஒன்றை மட்டும் போட்டால் திறன் இரட்டிப்பாகத் தெரியும். அமில காரத்தன்மையையும் கூடவே பாருங்கள்: ஹைட்ரஜன் அயனி சோடியத்தைவிடப் பல மடங்கு நன்றாகக் கடத்துவதால், அது மாறினால் மீட்டர் ஏமாற்றும்.

மீட்டர் எண் குறைந்ததற்காக யாருக்கும் குடிக்கக் கொடுக்கவேண்டாம். கிருமிகளை ஒழிக்கும் என்று நம்பக்கூடிய முறையல்ல இது. சதுப்பு மண்ணில் ஊறிவரும் தேநீர் நிற நீரானால், அதன் கரிமப்பொருள் துளைகளையே அடைத்துவிடும், முன்னதாக வடிகட்டவேண்டும். தகட்டைக் கழுவிய நீரில் பிடித்த உப்பு அத்தனையும் இருக்கிறது. அதைக் கிணற்றோரம் ஊற்றாதீர்கள்.