தென்னந்தோப்புக்கும் மரக் கவாத்துக்கும் சிறிய சிப்பர் தேர்ந்தெடுப்பது எப்படி

கிளை, மட்டை போன்ற தோட்டக் கழிவைச் சில்லாகவும் தூளாகவும் ஆக்கும் சிப்பர் இயந்திரத்தை வாங்க நினைப்பவர், விலைப்பட்டியலைக் கேட்பதற்கு முன்னால், தம் தோட்டத்தில் ஓராண்டில் எவ்வளவு கழிவு சேருகிறது என்பதை ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். 25 அடி இடைவெளியில் நட்ட தோப்பில் ஏக்கருக்கு ஏறத்தாழ 70 தென்னைகள் நிற்கும்; நன்கு பராமரிக்கப்படும் ஒரு மரம் ஆண்டுக்கு 12 முதல் 14 மட்டைகளைக் கழிக்கும். அப்படியானால் மூன்று ஏக்கர் தோப்பில் ஆண்டுக்கு 2,500 முதல் 2,900 மட்டைகள் விழுகின்றன. அரை நிமிடத்துக்கு ஒரு மட்டை என்று நிதானமாகவே கணக்கிட்டாலும், அத்தனையையும் தூளாக்க இயந்திரம் ஓட வேண்டிய நேரம் 21 முதல் 25 மணிதான். ஆண்டில் மூன்று நான்கு நாள் மட்டும் ஓடி, மீதி நாளெல்லாம் கொட்டகையில் துரு ஏறும் பொருளுக்குப் பெரும்பணம் போடுவது சரிதானா என்பதை இந்த இடத்திலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். என் கணிப்பில், ஐந்து ஏக்கருக்குக் கீழே தென்னை மட்டுமே வைத்திருப்பவருக்கு வாடகை இயந்திரமோ, நான்கைந்து தோப்புக்காரர்கள் சேர்ந்து வாங்கும் கூட்டு இயந்திரமோதான் கட்டுப்படியாகும். வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகைக் கருவிகளுக்குத் தமிழக அரசின் உழவன் செயலியிலேயே பதிவு செய்யலாம் என்பதால், அங்கே மட்டை தூளாக்கும் கருவி கிடைக்குமா என்று முதலில் விசாரித்துவிடுவது நல்லது. பத்து ஏக்கருக்கு மேல் வைத்திருப்பவருக்கும், ஊரில் மரம் கழிக்கும் வேலையைத் தொழிலாகச் செய்பவருக்கும் கணக்கு வேறு.

வாங்குவது என்று தீர்மானித்த பிறகு எழும் கேள்வி, எந்தக் கழிவுக்காக வாங்குகிறோம் என்பது. கடைகளில் சிப்பர், ஷ்ரெட்டர் என்ற இரு பெயர்களையும் ஒன்றுபோலவே சொல்லி விற்கிறார்கள். உள்ளே நடக்கும் வேலையோ முற்றிலும் வேறு. சிப்பரில், கனமான சுழல்தட்டிலோ உருளையிலோ பொருத்திய இரண்டு மூன்று கூரிய கத்திகள், அசையாத ஓர் எதிர்க்கத்தியின் மேல் கிளையை வைத்துச் சீவித் தள்ளும். வேம்பு, புங்கம், தூங்குமூஞ்சி, மா போன்ற மரங்களின் நேரான கிளைகளுக்கு இதுவே ஏற்றது. வெளிவரும் சில்லுகளும் ஒரே அளவாக இருக்கும். ஷ்ரெட்டரில் கத்திக்குப் பதிலாக, அச்சில் தொங்கியபடி சுழலும் இரும்புச் சுத்தியல்கள் பொருளை அடித்து நார்நாராகக் கிழிக்கும். தென்னைக் கழிவுக்கு இந்தச் சுத்தியல் வகையோ, முன்னால் கத்தியும் பின்னால் சுத்தியலுமாக அமைந்த கலப்பு வகையோதான் தாக்குப்பிடிக்கும். மட்டையின் அடிப்பகுதி மரம்போல் இறுகியிருக்க, ஓலையும் ஈர்க்கும் நாராக நீள்வதால், வெறும் கத்தி இயந்திரத்தில் அவை முழுதாக வெட்டுப்படாமல் அச்சைச் சுற்றிக்கொள்கின்றன. மட்டையின் அடியில் வலைபோல் பின்னியிருக்கும் பன்னாடையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு பன்னாடை சுற்றிக்கொண்டால் இயந்திரத்தைக் கழற்றி, அரிவாளால் அறுத்தெடுப்பதற்கு அரை மணி நேரம் போய்விடும். நகரத்து வீட்டுத் தோட்டத்துக்கென வரும் அழகான சிப்பரைத் தோப்புக்கு வாங்கிவந்து ஏமாந்தவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் ஏமாந்திருக்கிறார்கள்.

அடுத்து, விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் அங்குல அளவு. "4 அங்குலக் கிளை வரை" என்று எழுதியிருந்தால், அது நேரான, பச்சையான, மென்மையான ஒரு கிளையை மெதுவாக ஊட்டும்போது இயந்திரம் எட்டக்கூடிய உச்சம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். கிளையின் வெட்டுப்பரப்பு விட்டத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், 4 அங்குலக் கிளைக்கு 2 அங்குலக் கிளையைப்போல் நான்கு மடங்கு மரத்தைச் சீவ வேண்டியிருக்கிறது. ஆகவே அன்றாடம் 2 அங்குலக் கிளைகள் வரும் வேலைக்கு 3 அல்லது 4 அங்குல இயந்திரம் என்று ஒரு படி கூட்டி வாங்குவதே முறை. அதற்கு மேல் பருமனான கிளையை விறகாக அறுத்து விற்றுவிடலாம். அதைச் சில்லாக்குவதில் லாபமில்லை. கழிவை ஊட்டும் உள்வாயின் அகலத்தையும் நாடாவால் அளந்து பாருங்கள். கவைக்கிளையும் மட்டையின் அகன்ற அடியும் நுழையாத குறுகிய வாயாக இருந்தால், ஒவ்வொன்றையும் அரிவாளால் பிளந்து கொடுக்கத் தனியாக ஓர் ஆள் வேண்டியிருக்கும்.

விசையைப் பொறுத்தவரை மூன்று வழிகள் உண்டு. பெட்ரோல் என்ஜின் எங்கும் கொண்டுபோகலாம் என்பதால் மரம் கழிக்கும் தொழிலாளிக்கு அதுவே பொருத்தம். ஆனால் குதிரைத்திறன் கணக்கில் ஏமாறக் கூடாது: 196 சிசி கொள்ளளவுள்ள ஹோண்டா ஜிஎக்ஸ் 200 என்ஜினின் நிகரத் திறன் 4.1 கிலோவாட், அதாவது சுமார் 5.5 குதிரைத்திறன்தான். ஏறக்குறைய அதே கொள்ளளவுள்ள என்ஜினை 7, 8 என்று ஒட்டி விற்றால் அந்த எண்ணை நம்ப வேண்டியதில்லை. சிசியைக் கேட்டு ஒப்பிடுங்கள். மின்மோட்டார் இரைச்சல் குறைவானது, ஓட்டும் செலவும் குறைவு. என்றாலும் 5 குதிரைத்திறனுக்கு மேல் மும்முனை மின்சாரம் தேவைப்படும் என்பதால் இயந்திரம் ஓரிடத்தில் நின்றுவிடும், கழிவை அங்கே சுமந்துவர வேண்டும். பாசன மோட்டாருக்கு வாங்கிய இணைப்பில் இதை ஓட்டலாமா என்பதை மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுத் தெளிந்துகொள்வது தலைவலியைத் தவிர்க்கும். டிராக்டர் வைத்திருப்பவருக்கு, அதன் பி.டி.ஓ. தண்டில் (டிராக்டரின் பின்னாலிருந்து கருவிக்கு விசை தரும் சுழல்தண்டு) நிமிடத்துக்கு 540 சுற்றில் இயங்கும் கருவியைவிடச் சிறந்தது வேறில்லை. அதற்கு மட்டும், மரவரிசைகளுக்கு நடுவே வாய்க்காலும் வரப்பும் மறிக்காமல் டிராக்டர் திரும்ப இடம் இருக்கிறதா என்று தோப்பை ஒருமுறை நடந்து பார்த்துவிட வேண்டும்.

பாதுகாப்பில் நான் சற்று பிடிவாதக்காரன். கிளையைக் கவ்விய கத்தி கையையும் சேர்த்து இழுக்கும் வேகம், நினைத்துப் பின்வாங்க அவகாசம் தராது. எனவே உள்வாயின் நீளம், முழுக்கையையும் நீட்டினாலும் கத்தியைத் தொட முடியாத அளவுக்கு இருக்கிறதா என்று, இயந்திரம் நின்றிருக்கும்போது, கடையிலேயே சோதியுங்கள். கிளையைத் தானே உள்ளே இழுக்கும் ஊட்டு உருளை உள்ள இயந்திரமானால், உள்வாயின் விளிம்பில் இடுப்போ தொடையோ இடித்தாலே உருளை நின்றுபோகும் தடுப்புக் கம்பி இருக்க வேண்டும். அது இல்லாத இயந்திரம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். பெல்ட்டுக்கும் பி.டி.ஓ. தண்டுக்கும் முழு மூடி தேவை. வேட்டி, துண்டு, சேலைத் தலைப்பு ஆகியவற்றோடு இதன் அருகே யாரும் நிற்கக் கூடாது. காதுக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம். மணிக்கட்டில் தொங்கும் தளர்ந்த கையுறையைவிட இறுகப் பிடிக்கும் கையுறை மேல். அடைப்பை எடுக்கும்போது என்ஜினை நிறுத்தினால் மட்டும் போதாது. சுழல்தட்டு முழுதாக நின்ற பிறகு ஸ்பார்க் பிளக் கம்பியைக் கழற்றிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

விலையைப் பேசி முடிக்கும் முன், உங்கள் தோப்பின் கழிவையே ஒரு வண்டி ஏற்றிக்கொண்டுபோய் அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அதில் வெட்டி ஒரு வாரமான மட்டையும், மாதக்கணக்கில் காய்ந்த மட்டையும், பச்சை ஓலையும் கலந்திருக்கட்டும். பச்சை ஓலை ஈரத்தோடு வெளிவாயை அடைக்கப் பார்க்கும். நன்கு காய்ந்த மட்டை கத்தியின் கூர்மையைத் தின்னும். இரண்டையும் தாண்டும் இயந்திரம் தோப்பிலும் தாண்டும். கத்திகளைத் திருப்பிப் பொருத்தி இரு முனைகளையும் பயன்படுத்த முடியுமா, உதிரிக் கத்தியும் சுத்தியலும் பெல்ட்டும் உங்கள் ஊரிலேயே கிடைக்குமா, பழுது பார்க்கத் தோப்புக்கு ஆள் வருவாரா என்று கேட்டு, பதிலை ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மானியம் எதிர்பார்ப்பவர் பணம் கட்டுவதற்கு முன்பே வேளாண்மைப் பொறியியல் துறையில் விண்ணப்பிக்க வேண்டும். வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் உச்சவரம்புக்கு உட்பட்டு 50 சதவீதமும் மற்றவர்களுக்கு 40 சதவீதமும் என்பது வழக்கமான அளவு. அங்கீகரிக்கப்பட்ட மாடல்களுக்கு மட்டுமே அது பொருந்தும்.

வீட்டுக்கு வந்த இயந்திரத்தை முதல் சில மணி நேரம் மெல்லிய கிளைகளோடு ஓட்டிவிட்டு, பெல்ட்டின் இறுக்கத்தையும் கத்திப் போல்ட்டுகளையும் மறுபடி சரிபாருங்கள். புது பெல்ட் தளர்வது இயல்பு. மண்ணில் இழுத்துவந்த மட்டையை உதறிவிட்டுப் போட வேண்டும், ஏனென்றால் மணல்தான் கத்தியின் கூர்மையை முதலில் மழுக்குகிறது. சாலையோர மரங்களைக் கழிப்பவர்கள், விளம்பரப் பலகை அடித்த ஆணியும் கம்பியும் கிளையில் இருக்கிறதா என்று தடவிப் பார்த்த பிறகே ஊட்ட வேண்டும். கிடைக்கும் தூளைக் குவியலாக விட்டால் காண்டாமிருக வண்டு முட்டையிட வந்துவிடும் என்பதால், மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரமுள்ள வட்டப்பாத்தியில், தண்டை ஒட்டாமல், மூன்று நான்கு அங்குலக் கனத்துக்குப் பரப்பிவிடுங்கள்.