ஓய்வுநிலை நாடித்துடிப்பை வீட்டிலேயே அளப்பது எப்படி? இதய நோயாளிகளுக்கான செய்முறை

மாரடைப்பிலிருந்து மீண்டவர்களும் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்களும் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் தவறாமல் குறித்துவைக்கிறார்கள். செலவில்லாமல் கிடைக்கும் நாடித்துடிப்பைக் குறிப்பவர்கள் குறைவு.

இதயத் தசைக்கு வேண்டிய இரத்தத்தில் பெரும்பகுதி, இதயம் தளர்ந்து விரியும் இடைவெளியில்தான் கரோனரி குழாய்கள் வழியே பாய்கிறது. துடிப்பு கூடக்கூட அந்த இடைவெளி சுருங்குகிறது. தசையின் ஆக்சிஜன் தேவையோ ஏறுகிறது. 2008-இல் வெளியான பியூட்டிஃபுல் ஆய்வில், கரோனரி நோயுடன் (கரோனரி குழாய் அடைப்பு), உடலுக்கு இரத்தத்தைத் தள்ளும் இடது கீழறையின் செயல்திறனும் குறைந்திருந்தவர்களுள், நிமிடத்துக்கு 70 அல்லது அதற்கு மேல் துடித்தவர்களுக்கு, அதற்குக் கீழே இருந்தவர்களைவிட இதய நோயால் இறக்கும் அபாயம் 34 விழுக்காடும், இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேரும் அபாயம் 53 விழுக்காடும் கூடுதலாகக் காணப்பட்டன. 60 முதல் 100 வரை இயல்பு என்று பாடப்புத்தகம் சொல்வது பொதுவான வரம்புதான். இதய நோயாளி 85-ஐப் பார்த்து நிம்மதியடைந்துவிடக் கூடாது.

முதற்படி, நேரத்தைத் தேர்ந்துகொள்வது. காலையில் காபிக்கு முன் அளப்பது நல்லது. காபி, புகை, நடை ஆகியவற்றுக்குப் பிறகு அரை மணி நேரமாவது கழிய வேண்டும். முதுகைச் சாய்த்து, பேசாமல், கைபேசியைப் பார்க்காமல் ஐந்து நிமிடம் உட்காருங்கள். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்: மாடிப்படி ஏறி வந்த கையோடு அளந்த எண் ஓய்வுநிலை எண் ஆகாது.

அடுத்து, உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து, கட்டைவிரலின் அடிப்பகுதிக்குக் கீழே, மணிக்கட்டு ஓரத்தில், மற்றொரு கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெல்லப் பதியுங்கள். கட்டைவிரலால் தொடாதீர்கள், அதன் சொந்தத் துடிப்பே எண்ணிக்கையில் கலந்துவிடும். கடிகாரத்தைப் பார்த்து 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். துடிப்பு சீராக இல்லையென்றால் முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதய மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் கோளாறு) உள்ளவர்களுக்குச் சில துடிப்புகள் மணிக்கட்டை எட்டாமலே போகும் என்பதால், மணிக்கட்டு எண் உண்மையைவிடக் குறைவாக இருக்கக்கூடும். சீரற்ற துடிப்பைப் புதிதாகக் கண்டால், அடுத்த பரிசோதனை வரை காத்திராமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பிறகு தேதி, நேரம், எண், முந்தைய இரவின் உறக்கம், காய்ச்சல் இருந்ததா என்பவற்றை ஒரே வரியில் எழுதுங்கள். ஒரு நாளின் எண்ணைவிட ஒரு வாரத்தின் போக்கே பேசும். காய்ச்சல், இரத்தசோகை, தைராய்டு மிகைச்சுரப்பு, மனக்கலக்கம் ஆகிய எதுவும் துடிப்பைக் கூட்டக்கூடும்.

எண் குறைந்தாலே அபாயமும் குறைந்துவிடும் என்று எண்ணுவது தவறு. 2014-இல் வெளியான சிக்னிஃபை ஆய்வில், இதயச் செயலிழப்பு இல்லாத நிலையான கரோனரி நோயாளிகளுக்கு இவாபிரடின் மாத்திரை துடிப்பைக் குறைத்தபோதும், இறப்போ மாரடைப்போ குறையவில்லை. ஆகவே இந்த எண்ணை ஓர் அடையாளமாகக் கொள்ளுங்கள். துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ திடீரென நிறுத்தவோ வேண்டாம். நிறுத்தினால் துடிப்பு எகிறி நெஞ்சுவலி திரும்பலாம்.

ஒரு வாரமாக எண் 70-க்கு மேலேயே நின்றால், அல்லது வழக்கத்தைவிடத் தொடர்ந்து ஏறினால், குறிப்பேட்டை மருத்துவரிடம் காட்டுங்கள். 50-க்குக் கீழே இறங்கித் தலைசுற்றினால் அன்றே அவரை அழையுங்கள். மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் வந்தால் எண்ணிக்கொண்டிராமல் உடனே 108-ஐ அழையுங்கள்.