பிள்ளைகளின் பதற்றம்: வீட்டில் தவிர்க்க வேண்டியவை

திங்கட்கிழமை காலை ஏழரைக்கு வயிற்றுவலி. பள்ளி வேன் போனதும் குறைகிறது; சனி, ஞாயிறு எட்டிப் பார்ப்பதில்லை. உடனே 'நடிக்கிறான்' என்று திட்டாதீர்கள். பதற்றத்தில் நெஞ்சு படபடக்கும், வயிறு பிசையும்; அந்த வலி மெய்யானது. காய்ச்சல், எடைக்குறைவு, தூக்கத்தைக் கலைக்கும் வலி இருந்தால் முதலில் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பெரிய தவறு, பாசத்தில் செய்வது: "செரி மக்களே, இண்ணைக்குப் போவாண்டாம்." அந்த நிமிடமே பயம் இறங்கிவிடும். வீட்டில் இருந்ததால்தான் தப்பித்தோம் என்று பிள்ளையின் மனதில் பதிந்தும்விடும். மறுநாள் கிளம்புவது இன்னும் கடினம். ஒரு வாரம் கழிந்தால் எழுதாத நோட்டும் தோழர்களின் கேள்விகளும் சேர்ந்துகொள்ளும்.

அதற்காக ஒரே நாளில் இழுத்துக்கொண்டு போய் விடவும் வேண்டாம். அடி, கேலி, பூட்டிய கழிப்பறை என்று பள்ளியில் காரணம் உண்டா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் அதைத்தான் சரிசெய்ய வேண்டும். இல்லையென்றால் படிப்படியாக: மாலையில் பள்ளி வாசல்வரை நடை, பிறகு பிடித்த டீச்சரோடு ஒரு மணி நேரம், பிறகு மதியம்வரை. பயத்துக்கு 0 முதல் 10 வரை பிள்ளையே மார்க் போடட்டும். 8 இருந்தது 4 ஆகும்வரை அங்கேயே இருக்கட்டும். உச்சத்தில் இருக்கும்போது திருப்பிக் கூட்டிவந்தால் பட்ட பாடெல்லாம் வீண்.

'ஒண்ணும் ஆகாது' என்று திரும்பத் திரும்பச் சொல்வதும் உதவாது. 2017 ஒக்கிப் புயலில் மீனவர்களை இழந்த குமரி மாவட்டத்துத் தூத்தூர், வள்ளவிளைக் கரையில், "அப்பா வந்துருவாரா?" என்று கேட்கும் பிள்ளைக்கு அந்த வாக்குறுதி செல்லாது. தெரிந்ததை ஒரே முறை சொல்லுங்கள்: போட் எங்கே நிற்கிறது, வயர்லெஸில் எப்போது பேசினார், இன்றைய வானிலை அறிவிப்பு என்ன. பிறகு கையில் ஒரு வேலை கொடுங்கள்.

பதின்வயதினரிடம் பதற்றம் எரிச்சலாகவும் தூக்கமின்மையாகவும் வரும். அதைத் திமிர் என்று எண்ணிவிடுகிறோம்.

மந்திரித்துக் கயிறு கட்டுவதோ ஜெபமோ ஆறுதல் தரலாம். அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். பெரியவர்களின் தூக்க மாத்திரையைப் பாதி உடைத்துக் கொடுக்கவே கூடாது. இரண்டு வாரமாகப் பள்ளி, சாப்பாடு, தூக்கம் குலைந்திருந்தால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவைப் பாருங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416 இலவசம், இரவிலும் தமிழில் பேசலாம். சாவைப் பற்றிப் பிள்ளை பேசினால் தனியே விடாதீர்கள்; வீட்டிலுள்ள மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் எட்டாமல் பூட்டிவைத்து, அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிச்செல்லுங்கள்.